254 வெள்ளி ரூலர்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தையல் குழு போட்ட கணக்கு

அண்ணி தைத்து முடித்த போர்வையின் மேல்துணி அகலத்தில் ஒன்றே அரைக்கால் அங்குலம் குறைந்திருந்தது. வரிசைக்கு 6 அங்குலக் கட்டங்கள் பத்து. ஓரங்களுக்கு விட்ட அரை அங்குலத்தையும் சேர்த்து 60½ அங்குலம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 59⅜ அங்குலமே வந்தது. கரைத்துணியை முன்கூட்டியே கணக்குப்படி வெட்டி வைத்திருந்ததால், அதற்குப் பொருந்த மேல்துணியை இழுத்துப் பிடித்துத் தைத்தபோது போர்வையின் நான்கு பக்கமும் சுருங்கி அலை அலையாக நின்றது. தீபாவளிக்கு முன் ஒப்படைக்க வேண்டிய, முன்பணம் வாங்கிய போர்வை அது. அதைப் பிரித்துக்கொண்டே அண்ணி என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, இந்த ரூலர்தான் சரியில்ல. அந்தப் பள்ளம் வச்ச ரூலர வாங்கிடலாம்."

நான் இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கு எழுதுபவன், தையல் தெரியாதவன். ஆனால் அண்ணியும் அவரோடு தைக்கும் நான்கு பெண்களும் மாதந்தோறும் போடும் கூட்டுப் பணத்தின் கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ரூலரை அந்தப் பணத்தில் வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, வாங்குவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று நான் கேட்டுக்கொண்டதும், அதன்பின் மூன்று வாரங்களில் நாங்கள் அளந்தவையும் கண்டவையும் இங்கே பதிவாகின்றன.

குழு என்று பெரிதாகச் சொல்லிவிட முடியாது. ஐவரில் மூவர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) போய்ச் செம்பனை வந்த காலத்தில் லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்தவர்கள். ரவிக்கையும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் தைத்த மிச்சத் துணிகளை, மலாய்க்காரர்கள் கைன் பெர்ச்சா என்று சொல்லும் துண்டுகளை, சேர்த்துத் தைக்கத் தொடங்கியது பிறகு ஒட்டுப்போர்வைத் தொழிலாக வளர்ந்தது. இப்போது துண்டுத்துணி போதாமல், 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குப் போய் மீட்டர் கணக்கில் பருத்தித்துணி வாங்கி வருகிறார்கள்.

வாங்க நினைத்த பொருள்

ஒட்டுப்போர்வைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, இரண்டு நிற முக்கோணங்கள் மூலைவிட்டத்தில் சேர்ந்து ஒரு சதுரமாகும் இருநிறக் கட்டம். முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டித் தைத்தால் சாய்வெட்டு ஓரங்கள் இழுபட்டு உருக்குலையும் என்பதால், இரண்டு சதுரத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, நடுவில் வெட்டுகிறார்கள். இரண்டு சதுரங்களிலிருந்து இரண்டு கட்டங்கள் கிடைக்கும். முடிந்த அளவோடு முக்காலே அரைக்கால் அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்டினால் கணக்குச் சரியாக வரும்; 6 அங்குலக் கட்டத்துக்கு 6⅞ அங்குலச் சதுரம். ஆனால் துல்லியத்தை விரும்புகிறவர்கள் சற்றுப் பெரிதாக வெட்டித் தைத்துவிட்டு, பிறகு சரியான அளவுக்குச் சீவி எடுப்பார்கள். அண்ணி 7 அங்குலச் சதுரம் வெட்டி, தைத்து வரும் 6⅝ அங்குலக் கட்டத்தை 6½ அங்குலத்துக்குச் சீவுகிறார். அரைக்கால் அங்குலம்தான் மிச்சம். அதற்குள் எல்லாத் தவறும் அடங்கியாக வேண்டும்.

பழைய பின்னங்களை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். அரைக்காலும் வீசமும் பள்ளிக்கூடத்திலிருந்து மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் எட்டிலும் பதினாறிலும் ஒரு பங்காக அங்குலத்தைப் பிரித்துப் பேசும் இந்த வேலைக்கு, எட்டில் ஒன்றை அரைக்கால் என்றும் பதினாறில் ஒன்றை வீசம் என்றும் சொல்வதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. துணியை மீட்டரில் விற்கும் நாட்டில் தையல் மட்டும் இன்னும் அங்குலத்தில்தான் நடக்கிறது.

சீவும் வேலைக்குக் கத்தரிக்கோல் உதவாது. ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த உருளைக் கத்தியும், அதன் ஓட்டத்துக்குச் சுவராக நிற்கும் கண்ணாடி போன்ற தடித்த அக்ரிலிக் ரூலரும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை இன்றுள்ள வேகத்துக்குக் கொண்டுவந்தன. சாதாரணச் சதுர ரூலரில் 45 பாகைக் கோடொன்று அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கட்டத்தின் மூலைவிட்டத் தையலின் மேல் சரியாகப் பொருத்தி, இரண்டு பக்கம் சீவி, கட்டத்தைத் திருப்பி, மறுபடி பொருத்தி, மற்ற இரண்டு பக்கங்களையும் சீவ வேண்டும். அண்ணியிடம் இருப்பது அப்படிப்பட்டது. விலை 28 வெள்ளி (ரிங்கிட்).

வாங்க நினைத்த ரூலரில் அந்த மூலைவிட்டக் கோட்டின் இடத்தில், அடிப்பக்கம் ஒரு பள்ளம் செதுக்கப்பட்டிருக்கிறது. தையலைத் தேய்த்து ஒரு பக்கமாக மடித்தால் அங்கே துணி சற்றே மேடாகும் அல்லவா, அந்த மேட்டில் பள்ளம் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணால் பொருத்தத் தேவையில்லை, கத்தி தள்ளினாலும் ரூலர் நழுவாது என்பதே அதற்குக் கேட்கும் விலையின் நியாயம். விலை 189 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் விதிக்கப்படும் 10 விழுக்காடு விற்பனை வரி 18.90, அனுப்பும் செலவு 46. ஆக 253.90 வெள்ளி. ஒன்பது சாதாரண ரூலர்களின் விலை.

முதல் சந்தேகம்

அளப்பதற்கு முன்பே ஒன்று என்னை உறுத்தியது. குறைந்த ஒன்றே அரைக்கால் அங்குலம் என்பது ஒன்பது அரைக்கால். ஒரு வரிசையில் பத்துக் கட்டங்களைச் சேர்க்க ஒன்பது தையல்கள் போடுகிறோம். நீளத்தை அளந்து பார்த்தோம். பன்னிரண்டு கட்டங்கள், பதினொரு தையல்கள். 72½ அங்குலம் வர வேண்டியது 71⅛ அங்குலமாக இருந்தது. ஒன்றேகாலே அரைக்கால் குறைவு, அதாவது பதினொரு அரைக்கால். ரூலரால் வந்த பிழை இப்படி வரிசைக்கு வரிசை, தையலுக்குத் தையல் ஒரே ஒழுங்கில் வராது. அது சிலவற்றைப் பெரிதாக்கும், சிலவற்றைச் சிறிதாக்கும், சிலவற்றைக் கோணலாக்கும்.

இன்னும் சேர்க்காமல் மேசை இழுப்பறையில் கிடந்த கட்டங்களை எடுத்து அளந்ததில், அவை 6½ அங்குலத்துக்குச் சரியாகவே இருந்தன. ஆகவே பிழை சீவியதில் இல்லை, சேர்த்ததில் இருந்தது. கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் அண்ணியின் தையல் இயந்திரம் ஒரு வீசம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு துணியிலும் ஒரு வீசம் போனால் தையலுக்கு ஒரு அரைக்கால். கட்டம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், 254 வெள்ளி ரூலரால் சீவப்பட்டிருந்தாலும், அந்தப் போர்வை இதே ஒன்றே அரைக்கால் அங்குலம் குறைந்துதான் வந்திருக்கும்.

இதைச் சரிபார்க்கும் வழி எளியது, செலவில்லாதது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துணிப்பட்டைகளை வெட்டி, நீளவாட்டில் ஒன்றோடொன்று தைத்துத் தேய்த்தால், நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். அண்ணியின் பட்டைகள் 3¼ அங்குலம் வந்தன. நடுப்பட்டை முக்காலே அரைக்கால் அங்குலமாகச் சுருங்கியிருந்தது. மடிப்பில் துணியின் தடிப்பும் கொஞ்சம் இடத்தைத் தின்னும் என்பதால், கால் அங்குலத்துக்கும் ஓரிரு இழை உள்ளடங்கிய அளவில் தைக்க வேண்டும் என்பதே பழகியவர்களின் வழக்கம். இயந்திரத்தின் தட்டில் ஊசியிலிருந்து அளந்து ஒரு தடித்த ஒட்டுநாடாத் துண்டை ஒட்டினோம். மூன்றாவது முயற்சியில் 3½ வந்தது. போர்வையின் சிக்கல் அன்று மாலையே தீர்ந்துவிட்டது.

அத்தோடு ரூலர் பேச்சை விட்டிருக்கலாம். ஆனால் அண்ணி விடவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சீவும்போது ரூலர் நழுவி வீணாகும் கட்டங்கள் உண்மையாகவே இருந்தன, நேரமும் போனது.

இரவல் ரூலரும் இரண்டு கைகளும்

ஈப்போவில் துணி வாங்கும் இடத்தில் பழக்கமான ஒருவரிடம் அதே ரூலர் இருந்தது. ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டோம், கொடுத்தார். பணம் போட்டுச் சோதிக்காமல் இரவல் வாங்கிச் சோதித்ததே இந்த ஆய்வில் நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்று நினைக்கிறேன். அந்தப் பொருள் கைக்கு வந்தபின் அதைக் குறை சொல்ல மனம் வராது.

இருபது இருபது கட்டங்களாகச் சீவிப் பார்த்தோம். ஒரே துணி, கஞ்சி போட்டுத் தேய்த்தது; ஒவ்வொரு முறையும் புதிய கத்தித்தகடு. சாதாரண ரூலர், பள்ளம் வைத்த ரூலர் ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தோம்: சாதாரண ரூலரின் அடியில் நான்கு மூலைகளிலும் சின்னச் சின்ன மணல்தாள் வட்டங்களை ஒட்டியது. எங்கள் கடையில் ஒரு மணல்தாள் 3 வெள்ளிக்கும் குறைவு. முதல் நாள் கை பழகிய வேகம் பின்னால் வந்த ரூலருக்குச் சாதகமாகிவிடக்கூடாது என்பதற்காக மறுநாள் வரிசையைத் தலைகீழாக மாற்றி மீண்டும் செய்து, இரண்டு நாளின் சராசரியை எடுத்துக்கொண்டோம். ஒரு வீசத்துக்கு மேல் தவறியதை வீண் என்று கொண்டோம்.

அண்ணிக்குச் சாதாரண ரூலரில் 26 நிமிடம், மூன்று கட்டங்கள் வீண். மணல்தாள் ஒட்டியதில் 21 நிமிடம், ஒன்று வீண். பள்ளம் வைத்ததில் 17 நிமிடம், வீண் எதுவுமில்லை.

இதைப் பணமாக மாற்றினால்தான் ஒப்பிட முடியும். அண்ணியின் போர்வைக்கு 120 கட்டங்கள். சாதாரண ரூலரிலிருந்து பள்ள ரூலருக்கு மாறினால் கட்டத்துக்கு 27 விநாடி மிச்சம். போர்வைக்கு 54 நிமிடம். 2025-இல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கும், நாளுக்கு 8 மணிக்கும் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 8 வெள்ளி. வீட்டில் தைக்கும் பெண்ணின் நேரத்துக்கு அதைவிடக் குறைந்த மதிப்புப் போட எனக்கு மனமில்லை. அதற்கு மேல் போட்டால் போர்வையின் விற்பனை விலை தாங்காது. ஆக நேரத்தில் மிச்சம் 7 வெள்ளி. துணி மீட்டர் 14 வெள்ளி, 45 அங்குல அகலத்தில் மீட்டருக்கு 7 அங்குலச் சதுரங்கள் 30. ஒரு கட்டம் வீணானால் 47 சென். இருபதுக்கு மூன்று என்றால் போர்வைக்குப் பதினெட்டு. அதில் மிச்சம் எட்டரை வெள்ளி. மொத்தம் சுமார் 16 வெள்ளி. பதினாறு போர்வைகள் தைத்தால் ரூலரின் விலை திரும்பிவிடும்.

ஆனால் இந்த ஒப்பீடு நேர்மையானது அல்ல. 28 வெள்ளி ரூலரை அப்படியே ஒரு பக்கத்திலும் 254 வெள்ளி ரூலரை மறு பக்கத்திலும் வைப்பது விற்பவர் செய்யும் கணக்கு. மணல்தாள் ஒட்டிய ரூலரோடுதான் ஒப்பிட வேண்டும். ஏனென்றால் வாங்காவிட்டால் அண்ணி இனி அதைத்தான் பயன்படுத்துவார். அப்போது கட்டத்துக்கு 12 விநாடி, போர்வைக்கு 24 நிமிடம், மூன்று வெள்ளிக்குச் சற்று மேல். துணியில் இன்னொரு மூன்று வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. போர்வைக்கு 6 வெள்ளிதான் மிச்சம். ஆண்டுக்கு ஆறு போர்வை தைக்கும் அண்ணிக்கு, விலை திரும்ப நாற்பத்திரண்டு போர்வைகளும் ஏழு ஆண்டுகளும் ஆகும். சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்து மூலை உடையாமல் ஓர் அக்ரிலிக் ரூலர் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டு இருந்ததாகச் சரித்திரமில்லை.

வேண்டாம் என்று எழுதி முடித்துவிட்டேன். அப்போதுதான் பெரியம்மா தானும் சீவிப் பார்க்க வேண்டும் என்றார்.

பெரியம்மாவின் கட்டங்கள்

பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பட்டையை ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டினாலும் மரம் காயப்படும், குறைவாக வெட்டினால் பால் வராது என்ற வேலையில் பழகிய கைகள் அவை. குழுவில் கத்தியை அவரைப்போல் நிதானமாக ஓட்டுபவர் வேறு யாருமில்லை. ஆனால் கண்ணில் புரை எடுத்த பிறகும், பூப்போட்ட துணியின் மேல் ரூலரின் மெல்லிய கறுப்புக் கோட்டை அவரால் பிரித்தறிய முடிவதில்லை. பாத்தேக் (மெழுகிட்டுச் சாயம் தோய்த்த) துணியாக இருந்தால் கோடு முழுவதுமாக மறைந்துவிடும். இதனால் சீவும் வேலையை அவர் மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, கட்டங்களைத் தைத்துக் கொடுப்பதோடு நின்றிருந்தார்.

சாதாரண ரூலரில் அவருக்கு இருபது கட்டங்களுக்கு 47 நிமிடம், ஏழு வீண். மணல்தாள் ஒட்டியதில் 43 நிமிடம், ஆறு வீண். பள்ள ரூலரில் 26 நிமிடம், ஒன்றே ஒன்று வீண்.

அண்ணிக்குப் பாதிக்கு மேல் வேலையைச் செய்த மணல்தாள் பெரியம்மாவுக்கு ஏறக்குறைய எதுவும் செய்யவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அண்ணிக்கு ரூலர் நழுவுவது சிக்கல். மணல்தாள் நழுவலைத் தடுக்கிறது. பெரியம்மாவின் கையில் ரூலர் நழுவுவதே இல்லை. தவறான இடத்தில் உறுதியாக நிற்கிறது. பள்ளம் அவருக்குக் கோட்டைக் காட்டவில்லை, கோடு தேவையில்லாமல் செய்துவிட்டது. விரல் நுனியில் பள்ளம் மேட்டில் இறங்குவது தெரிகிறது, அவ்வளவுதான். சோதனை முடிந்ததும் அவர் சொன்னார்: "மரத்துக்கே தகடு வச்சுத்தானே கோடு போட்டாங்க. துணிக்கு வச்சா என்னா?" புதிய பட்டை திறக்கும்போது வெட்டுக்கோட்டின் சாய்வு மாறாமலிருக்கத் தோட்டத்தில் தகரத் தகட்டைச் சுற்றிவைத்துத்தான் கோடு கீறுவார்கள், ஒட்டுமரத்துக்கு 30 பாகை. எவ்வளவு தேர்ந்த கையானாலும் அந்தச் சாய்வைக் கண்மதிப்பில் விட்டதில்லை.

மணல்தாள் ரூலரோடு ஒப்பிட்டே அவருடைய கணக்கையும் போட்டேன். இருபதுக்கு 17 நிமிடம் என்றால் 120 கட்டங்களுக்கு 102 நிமிடம், பதின்மூன்றரை வெள்ளி. வீணாவது ஆறிலிருந்து ஒன்றாகக் குறைந்தால் போர்வைக்கு முப்பது கட்டம், பதினான்கு வெள்ளி. இரண்டும் சேர்ந்து இருபத்தேழரை. பத்தாவது போர்வையில் விலை திரும்பிவிடும். பெரியம்மா ஆண்டுக்கு நான்கு தைப்பார் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை ஆண்டு. அதைவிட, அவர் தன் போர்வையைத் தொடக்கம் முதல் கடைசிவரை தானே செய்து, முழு விலையையும் தானே பெறலாம் என்பதற்கு நான் மதிப்புப் போடவில்லை. அதை அவரே போட்டுக்கொண்டுவிட்டார்.

வாங்கியதும் வாங்காததும்

ரூலரை வாங்கினோம். கூட்டுப் பணத்திலிருந்து முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. பயன்படுத்துபவர் ஒரு போர்வைக்கு 10 வெள்ளி வீதம் திருப்பிக் கட்டுவது என்று முடிவாயிற்று. பெரியம்மாவுக்கு அது மிச்சப்படும் தொகையில் பாதிகூட இல்லை. அண்ணிக்கோ அது நட்டம். ஆகவே அவர் மணல்தாளோடு நின்றுகொண்டார்.

வாங்கும் அளவிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. 6½ அங்குல ரூலர் அதற்குக் கீழ்ப்பட்ட எல்லாக் கட்டங்களையும் சீவும் என்பதால் சிறிய அளவுகளைத் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதே பள்ளத்தோடு பறக்கும் வாத்து வடிவத்துக்கென்று (நடுவில் ஒரு பெரிய முக்கோணமும் இருபுறம் இரண்டு சிறிய முக்கோணங்களும் கொண்ட செவ்வகக் கட்டம்) விற்கப்படும் ரூலர்கள் அளவுக்கு ஒன்றாக வாங்க வேண்டியவை. மூன்று அளவு வாங்கினால் கூட்டுப் பணமே தீர்ந்துவிடும். அந்த வடிவத்துக்கு ஒரு பெரிய சதுரத்தையும் நான்கு சிறிய சதுரங்களையும் வைத்து ஒரே நேரத்தில் நான்கு எடுக்கும் முறை இருக்கிறது. பெரியதை முடிந்த அகலத்தோடு ஒன்றேகால் அங்குலமும், சிறியதை முடிந்த உயரத்தோடு முக்காலே அரைக்கால் அங்குலமும் கூட்டி வெட்ட வேண்டும். 3-க்கு 6 அங்குல வாத்துக்கு 7¼, 3⅞. தையல் அளவு சரியாக இருந்தால் சீவாமலே வருகிறது. அண்ணியின் இயந்திரத்தில் ஒட்டிய நாடா அங்கேயும் உதவியது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தையல் மடிப்பை ஒரே பக்கமாக, வழக்கமாக அடர்நிறத்தின் பக்கமாக, தேய்த்தால்தான் பள்ளத்தில் மேடு உட்காரும். மடிப்பை இரண்டாகப் பிரித்துத் தேய்ப்பவர்களுக்கு இந்த ரூலர் சாதாரண ரூலர்தான். குழுவில் ஒருவர் அப்படித்தான் தேய்ப்பார். அவர் இரவல் ரூலரை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

ரூலர் இப்போது பெரியம்மா வீட்டில், தரையில் விழாத உயரத்தில், சுவரில் ஆணியடித்துத் துணிப்பையில் தொங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் இதுவரை மூன்று போர்வைகளுக்கு 30 வெள்ளி வரவாகியிருக்கிறது, மூன்றும் பெரியம்மாவுடையவை. நான்காவதற்கான துணியை அவர் பாத்தேக்கில் எடுத்து வைத்திருக்கிறார்.